அரிசி ஆலை மோட்டாரின் உறுமலைப் பிரித்துக் காட்டிய மென்பொருள் லாக்-இன் ஆம்ப்ளிஃபயர்: ஒரு பயன்பாட்டு மதிப்புரை

பிசான அறுவடை முடிந்து நெல் வண்டிகள் வரிசைகட்டும் மாசி மாதத்தில், சேரன்மகாதேவிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றிலிருந்து என்னை அழைத்தார்கள். ஊதுவிசிறியை ஓட்டும் 10 குதிரைத்திறன் மோட்டார், காயில் கட்டிப் புதுப் பேரிங் போட்டு வந்த நாளிலிருந்தே உறுமுகிறது என்பது புகார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வெறுமனே ஓட்டினால் அந்த உறுமல் மூன்று வினாடிக்கு ஒருமுறை எழும்பி அடங்கியது. பேட்டையில் உள்ள பட்டறையில் மேசைமேல் வைத்து ஓட்டியபோது குறை ஏதும் காட்டாத அதே மோட்டார்தான், ஆலையின் அடித்தளத்தில் ஏற்றியதும் இப்படி ஆனது. ஆலை உரிமையாளர் என்னிடம், "அண்ணாச்சி, காயில்லதான் கோளாறுன்னு ஃபிட்டர் சொல்லுதான், பேரிங்க சரியா அடிக்கலன்னு காயில் கட்டுதவரு சொல்லுதாரு. நெல்லு வந்து குவிஞ்சு கெடக்கு, நான் யாரு சொல்லத நம்ப?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இரைச்சலுக்கு நடுவே குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் பிரித்து அளக்கும், ஓராண்டாக நான் பழகிவந்த மென்பொருள் லாக்-இன் ஆம்ப்ளிஃபயரை முதன்முறையாகப் பட்டறைக்கு வெளியே எடுத்துச் சென்றேன். அதன் பின்னர் நான்கு ஆலைகளில் அதைப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

நான் பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் ஒரு திறமூல நிரல். சவுண்ட் கார்டின் இரண்டு தடங்களில் ஒன்றை அளவிடும் அலையாகவும் மற்றதை அதனோடு ஒப்பிடுவதற்கான குறிப்பலையாகவும் எடுத்துக்கொண்டு, மடிக்கணினியிலேயே எல்லாக் கணக்கையும் அது போட்டுவிடும். இதே வேலையைச் செய்யும் நிரல்கள் பல உள்ளன. பைத்தான் மொழியில் நம்பை, சைபை ஆகிய நூலகங்களைக் கொண்டு நாமே எழுதிக்கொள்ளவும் முடியும். எல்லாவற்றிலும் உள்ளே நடக்கும் கணக்கு ஒன்றே என்பதால், நான் இங்கே சொல்பவற்றில் பெரும்பகுதி எந்த நிரலுக்கும் பொருந்தும். எனவே நிரலின் பெயரை முன்னிறுத்தாமல், இந்த முறை ஒரு பராமரிப்பாளருக்கு எவ்வளவு உதவும் என்பதையே எடைபோடுகிறேன்.

இதன் தத்துவத்தை ஆலையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் ஏற்கெனவே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். பழைய சோக் வைத்த டியூப் லைட் வினாடிக்கு 100 முறை மின்னும். அதன் வெளிச்சத்தில், சுழலும் புல்லியின் மேல் சாக்பீஸால் போட்ட ஒற்றைக் கோடு இரண்டு கோடுகளாகத் தெரிந்து, மெல்லப் பின்னோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்று என்ற ஒத்தியங்கு வேகத்திலிருந்து மோட்டார் 10 சுற்று குறைந்து 2990 இல் ஓடினால், அந்தக் கோடுகள் நிமிடத்துக்குப் பத்து முறை பின்னோக்கிச் சுற்றும். வினாடிக்கு ஐம்பது முறை சுழலும் ஒன்றைக் கண்ணால் எண்ண முடியாது. ஆனால் அதற்கு நெருக்கமான இன்னொரு தாளத்தோடு ஒப்பிட்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கைக்கடிகாரத்தை வைத்தே எண்ணிவிடலாம். லாக்-இன் செய்வதும் அதே வேலைதான். உள்ளே வரும் அதிர்வு அலையைக் குறிப்பலையின் சைன், கொசைன் வடிவங்களால் தனித்தனியே பெருக்கி, வரும் விடைகளைத் தாழ்நிலை வடிகட்டியில் செலுத்திச் சராசரி எடுக்கிறது. குறிப்பலையோடு ஒத்த அதிர்வெண் உள்ள பகுதி மட்டும் நிலையான இரண்டு எண்களாக எஞ்சும். மற்றவை எல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு போய்விடும். அந்த இரண்டு எண்களிலிருந்து அதிர்வின் வீச்சும், குறிப்பலையைவிட அது எவ்வளவு முந்தியோ பிந்தியோ ஓடுகிறது என்பதைக் கோணமாகச் சொல்லும் கட்டமும் (ஃபேஸ்) கிடைக்கின்றன. கட்டம் நிலையாக நின்றால் இரண்டு அதிர்வெண்களும் ஒன்று. கட்டம் சுழன்றால், அது சுழலும் வேகமே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. 10 வினாடியில் கட்டம் 36 டிகிரி நகர்ந்தால் வேறுபாடு 0.01 ஹெர்ட்ஸ்.

இந்தக் கருத்து புதியதன்று. நுண்ணலைக் கதிர்வீச்சை அளப்பதற்காக ராபர்ட் டிக்கி 1946 இல் வெளியிட்ட அளவீட்டு முறையும் இதே ஒத்திசைப் பிரித்தெடுப்பைத்தான் நம்பியிருந்தது. வன்பொருளாகக் கிடைக்கும் எஸ்ஆர் 830 போன்ற கருவிகள் பல்கலைக்கழக ஆய்வகங்களில் இன்றும் உழைக்கின்றன; 1 மில்லிஹெர்ட்ஸ் முதல் 102.4 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும் அந்தக் கருவியின் விலையோ பல லட்சம் ரூபாய். முதுகலை இயற்பியல் படித்த காலத்தில் அத்தகைய கருவியின் முன் அமர்ந்து பழகியவன் என்பதால், இரைச்சலில் புதைந்த அலையை அது மேலே எடுத்துவரும் அழகு எனக்கு மறக்கவில்லை. மோட்டாரின் அதிர்வு ஒன்றும் புதைந்து கிடக்கும் அலை அன்று, காதாலேயே கேட்கலாம். அதற்கு லட்ச ரூபாய்க் கருவியின் நுண்ணுணர்வு தேவையில்லை. நமக்குத் தேவைப்படுவது மிக நெருங்கி நிற்கும் இரண்டு அதிர்வெண்களைப் பிரிக்கும் திறன், அதையும் எது எதனோடு ஒத்து ஓடுகிறது என்ற அடையாளத்தோடு பிரிக்கும் திறன். அதை இந்த மென்பொருள் 5,000 ரூபாய்க்குள் அடங்கும் உதிரிகளோடு தருகிறது.

அந்த உதிரிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் நிரலைக் குறைசொல்லும் பலரும் உண்மையில் உதிரிகளில்தான் ஏமாந்திருப்பார்கள். முதலாவது சவுண்ட் கார்டு. மடிக்கணினியின் மைக் துளையும் மலிவான யூஎஸ்பி சவுண்ட் கார்டுகளின் மைக் துளையும் பெரும்பாலும் ஒற்றைத் தடம் கொண்டவை. குறிப்பலைக்கு இடமில்லாத கருவியில் இந்த மென்பொருளின் பாதி மதிப்பு போய்விடும். எனவே இரண்டு தடங்களுள்ள லைன்-இன் (வெளிக் கருவிகளின் அலையை உள்ளே வாங்கும் துளை) இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டே வாங்க வேண்டும். இரண்டு தடங்களும் ஒரே கடிகாரத்தில் மாதிரி எடுக்கப்படுவதால், அந்தக் கடிகாரம் சற்று முந்தினாலும் பிந்தினாலும் இரண்டு அலைகளின் ஒப்பீடு கெடாது. தனி அதிர்வெண்ணைத் துல்லியமாகச் சொல்ல நினைக்கும்போது மட்டும் கடிகாரப் பிழை குறுக்கே வரும். பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிழை என்று வைத்துக்கொண்டாலும் 100 ஹெர்ட்ஸில் அது 0.005 ஹெர்ட்ஸ்தான்.

இரண்டாவது முடுக்க உணரி. ஏடிஎக்ஸ்எல் 335 என்ற சில்லு பொருத்திய சிறு பலகை எளிதில் கிடைக்கிறது. அதன் வெளியீடு மின்னழுத்தமாகவே வருவதால் சவுண்ட் கார்டோடு நேரே இணையும். எண்களாக வெளியிடும் உணரிகள் இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது. 3 வோல்ட் கொடுத்தால் இந்தச் சில்லு ஒரு ஜி (புவியீர்ப்பின் அளவு) முடுக்கத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிவோல்ட் தரும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில்லின் உள்ளே 32 கிலோ ஓம் மின்தடை உள்ளது. வெளியே பொருத்தும் கெப்பாசிட்டரோடு சேர்ந்து அது ஒரு வடிகட்டியாகிவிடும். பலகைகளில் பரவலாகப் பொருத்தப்படும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு அந்த வடிகட்டி 50 ஹெர்ட்ஸிலேயே வெட்டத் தொடங்குகிறது. நாம் பார்க்க விரும்பும் 100 ஹெர்ட்ஸ் அதிர்வு அதைக் கடக்கும்போது பாதிக்கும் கீழே சுருங்கி, கட்டமும் 63 டிகிரி அளவுக்குப் பின்தங்கிப்போகும். அந்தக் கெப்பாசிட்டரை எடுத்துவிட்டு 0.01 மைக்ரோஃபாரட் வைத்தால் வடிகட்டியின் எல்லை 500 ஹெர்ட்ஸுக்கு உயரும். மிகச் சிறிய உதிரி என்பதால் கை நடுங்காமல் சால்டரிங் செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த அளவீடுகள் எல்லாவற்றையும் நான் பின்னர் குப்பையில் போட வேண்டியதாயிற்று.

உணரியைக் கையால் பிடித்து வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வலுவான காந்தத்தின்மேல் பலகையை ஒட்டி, பெயின்ட் சுரண்டிய இடத்தில் பேரிங் உறையின்மேல் பொருத்துகிறேன். அளவைச் சரிபார்க்க, பலகையைத் தலைகீழாகத் திருப்பி மல்டிமீட்டரில் வாசித்தால் இரண்டு ஜிக்கு உரிய வேறுபாடு கிடைக்கும். அதைக் கொண்டு ஒரு ஜிக்கு எத்தனை மில்லிவோல்ட் என்று குறித்துக்கொள்ளலாம். சவுண்ட் கார்டின் வழியாக இந்தச் சோதனையைச் செய்ய முடியாது; நிலையான மின்னழுத்தத்தை அது உள்ளே விடாது.

மூன்றாவது குறிப்பலை. மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸே இங்கு குறிப்பலை என்பதால், நன்கு காப்பிட்ட சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கொண்டு 230 வோல்ட்டை 6 வோல்ட்டாகக் குறைத்து, பின்னர் இரண்டு மின்தடைகளால் அரை வோல்ட்டுக்கும் கீழே இறக்கி, இரண்டாம் தடத்தில் கொடுக்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் மின்தடைகளை மட்டும் வைத்து இதைச் செய்ய எவரும் முயலக் கூடாது. கணினி மட்டுமன்றி உயிரும் போகும்.

இப்போது அந்த மோட்டாருக்கு வருகிறேன். இருதுருவ மோட்டாரில் இரண்டு வகை அதிர்வுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். காந்தப் புலம் இரும்பை இழுக்கும் விசை புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் 100 ஹெர்ட்ஸ் அதிர்வை உண்டாக்கும். ஸ்டேட்டர் என்ற அசையாத பகுதிக்கும் ரோட்டர் என்ற சுழலும் பகுதிக்கும் இடையிலான காற்றிடைவெளி எல்லாப் பக்கமும் சமமாக இல்லாவிட்டால் இந்த அதிர்வு பெருகும்; இது மின்சார வழியில் பிறப்பது. மற்றொன்று ஷாஃப்ட் சுழற்சியின் இரட்டிப்பு. இது இயந்திர வழியில் பிறப்பது. பளுவோடு மோட்டார் 2910 சுற்றில் ஓடும்போது இந்த இரண்டாவது அதிர்வு 97 ஹெர்ட்ஸில் விழும். அதிர்வை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் சாதாரண நிறமாலைப் பகுப்பே அதை 100 இலிருந்து தனியே காட்டிவிடும். ஆனால் பளுவோடு ஓட்டினால் பெல்ட்டும் ஊதுவிசிறியும் தங்கள் அதிர்வுகளைச் சேர்த்துக் குழப்பும். மோட்டாரைத் தனிமைப்படுத்தப் பெல்ட்டைக் கழற்றினாலோ வேகம் 2990 ஐ நெருங்கி, ஷாஃப்டின் இரட்டிப்பு 99.67 ஹெர்ட்ஸுக்கு ஏறி வந்து, இரண்டுக்கும் இடைவெளி மூன்றில் ஒரு பங்கு ஹெர்ட்ஸாகச் சுருங்கிவிடும். மூன்று வினாடிக்கு ஒருமுறை எழும்பி அடங்கிய உறுமல் இந்த இரண்டின் சண்டைதான்.

நீண்ட நேரம் பதிவு செய்து நிறமாலை எடுத்தால் இவற்றையும் பிரிக்கலாம் என்று சொல்பவர்கள் உண்டு; அதில் உண்மையும் உண்டு. ஆனால் மின்தொகுப்பின் அதிர்வெண் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் நாட்டில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை அது உலவ அனுமதி இருக்கிறது. பதிவை நீட்டிக்கொண்டே போனால் கோடுகள் கூர்மை பெறுவதற்கு மாறாக மங்கிப் பரவுகின்றன. மின்கம்பியையே குறிப்பலையாகப் பிடித்துக்கொள்ளும் லாக்-இன்னுக்கு இந்தத் தொல்லை இல்லை. மின்தொகுப்பு எங்கே போனாலும் குறிப்பலையும் கூடவே போகும்.

இதை நான் முதல் நாள் காலையில் ஒரு தவறு செய்துதான் உணர்ந்தேன். டிரான்ஸ்ஃபார்மரை இணைக்கச் சோம்பல்பட்டு, நிரலுக்குள்ளேயே 100 ஹெர்ட்ஸ் என்று தட்டச்சு செய்து, வடிகட்டி எவ்வளவு நேரத்துக்குச் சராசரி எடுக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் கால மாறிலியை 10 வினாடியாக வைத்து அளந்தேன். வீச்சு 0.08 ஜி என்று காட்டியது. மின்சார வழி அதிர்வு பெரிதில்லை, ஃபிட்டர் சொல்வது தவறு என்று உரிமையாளரிடம் சொல்ல வாயெடுத்துவிட்டேன். நல்ல வேளையாகக் கட்டத்தின் வரைபடம் கண்ணில் பட்டது. ஏறக்குறைய 17 வினாடிக்கு ஒருமுறை அது முழுச் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. அதாவது மின்தொகுப்பு அப்போது 49.97 ஹெர்ட்ஸில் ஓடியது; உண்மையான அதிர்வு 100 இல் இல்லாமல் 99.94 இல் இருந்தது. சுழலும் ஒன்றை 10 வினாடி வடிகட்டி சராசரி எடுத்ததால் வீச்சு நான்கில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டது. டிரான்ஸ்ஃபார்மரை இணைத்து, குறிப்பலையின் இரட்டிப்பைப் பயன்படுத்தும்படி நிரலை அமைத்ததும் கட்டம் ஆணி அடித்தாற்போல் நின்றது, வீச்சு 0.30 ஜி என்று வந்தது. கட்டத்தைப் பார்க்காமல் வீச்சை மட்டும் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை அன்றோடு விட்டுவிட்டேன். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். இன்னொரு பக்கம், அந்தத் தவறே அதிர்வெண்ணை அளக்கும் வழியையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது. சுழலும் கட்டத்தின் சரிவை எடுத்தால், நூறில் ஒரு பங்கு ஹெர்ட்ஸை அரை நிமிடத்தில் வாசித்துவிடலாம்.

அடுத்து, புல்லியில் ஒளி எதிரொலிக்கும் நாடா ஒட்டி, அகச்சிவப்பு உணரியின் துடிப்பைக் குறிப்பலையாகக் கொடுத்து, ஷாஃப்டின் இரட்டிப்பைத் தனியே அளந்தேன். சவுண்ட் கார்டில் இரண்டே தடங்கள் இருப்பதால் இரண்டு குறிப்பலைகளையும் ஒரே ஓட்டத்தில் வைக்க முடியாது. மின்கம்பியை எடுத்துவிட்டு இதை மாட்ட வேண்டியிருந்தது. நான்கு அடுக்கு வடிகட்டியும் 3 வினாடிக் கால மாறிலியும் வைத்தால், மூன்றில் ஒரு பங்கு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் அதிர்வு ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுங்கிவிடும். அதற்கு விலையாக, ஒவ்வொரு அளவீட்டுக்கும் 30 வினாடி காத்திருக்க வேண்டும். ஷாஃப்டின் பங்கு 0.12 ஜி என்று வந்தது. ஆகவே உறுமலின் பெரும்பகுதி மின்சார வழியில் பிறந்தது. மின்சாரத்தை நிறுத்தியவுடன், ஷாஃப்ட் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும்போதே உறுமல் சட்டென்று மறைவதும் இதை உறுதிசெய்தது. கருவி எதுவும் இல்லாமல் காதை வைத்தே செய்யக்கூடிய அந்தப் பழைய சோதனையை இன்றும் நான் விடுவதில்லை. காது தராத எண்ணை லாக்-இன் தருகிறது. அந்த எண் இல்லாவிட்டால் அடுத்துச் செய்ததைச் செய்திருக்க முடியாது.

காயிலில் குறை என்றால் பட்டறை மேசையிலும் அது உறுமியிருக்க வேண்டும். ஆலைக்கு வந்த பிறகு மாறியது அடித்தளம் மட்டுமே. எனவே மோட்டாரை நிறுத்தி, நான்கு கால் போல்ட்டுகளில் ஒன்றைத் தளர்த்தி, மறுபடி ஓட்டி 100 ஹெர்ட்ஸ் வீச்சை வாசித்தேன். அந்தப் போல்ட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். முதல் இரண்டில் மாற்றமில்லை. மூன்றாவது போல்ட்டைத் தளர்த்தியதும் 0.30 ஜி 0.09 ஆக விழுந்தது. அந்தக் காலின் கீழே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துப் பார்த்தால் கால் மில்லிமீட்டர் இடைவெளி. உட்காராத காலை போல்ட் வலிந்து இழுத்து இறுக்கியதில் மோட்டாரின் உடலே முறுக்கிக்கொண்டு, உள்ளே காற்றிடைவெளி ஒரு பக்கமாகக் கோணிப்போயிருந்தது. அந்தக் காலின் கீழே கால் மில்லிமீட்டர் தகடு வைத்து எல்லாப் போல்ட்டுகளையும் இறுக்கிய பின் வீச்சு 0.07 ஜி, எழும்பி அடங்கும் உறுமல் காதுக்குக் கேட்கவில்லை. காயில் கட்டியவர் மீதும் குறை இல்லை, பேரிங் போட்டவர் மீதும் குறை இல்லை. மாலைக்குள் ஊதுவிசிறி ஓடியது.

இனி, இந்த முறையின் மிகப் பெரிய ஆபத்தைச் சொல்ல வேண்டும். லாக்-இன் இரைச்சலை நீக்கும். ஆனால் குறிப்பலையோடு ஒத்து வரும் பொய்யை நீக்காது. மோட்டாருக்குச் செல்லும் கேபிளின் அருகே உணரியின் கம்பி போனால், அதில் 50, 100 ஹெர்ட்ஸ் மின்தூண்டல் ஏறும். அதை அதிர்வு என்றே நிரல் நம்பி, ஆடாமல் அசையாமல் நிற்கும் அழகான கட்டத்தோடு காட்டும். வேறு எந்தக் கருவியின் பிழையும் இவ்வளவு நம்பிக்கையூட்டும் முகத்தோடு வருவதில்லை. இதற்கு நான் கைக்கொள்ளும் வழி எளியது. மோட்டார் ஓடும்போதே உணரியைக் காந்தத்தோடு கழற்றி, கம்பியை அதே பாதையில் வைத்தபடி ஒரு துணிச்சுருளின்மேல் படுக்க வைத்து வாசிக்க வேண்டும். வீச்சு சுழிக்கு அருகே விழாவிட்டால், அதுவரை எடுத்த எண்களை நம்பக் கூடாது. உறையிட்ட கம்பி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓடும் மடிக்கணினி ஆகிய இரண்டாலும் இந்தத் தூண்டல் பெருமளவு குறைந்தது.

நான் பயன்படுத்தும் நிரலில் வேறு சில குறைகளும் உண்டு. வீச்சை உச்ச அளவாகக் காட்டுகிறதா, வர்க்கச் சராசரியின் மூல மதிப்பாக (ஆர்எம்எஸ்) காட்டுகிறதா என்பதைத் திரையில் எங்கும் எழுதவில்லை, இரண்டுக்கும் 1.414 மடங்கு வேறுபாடு இருப்பதால், தெரிந்த மின்னழுத்தம் ஒன்றைக் கொடுத்து நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மூல அலையை அது தானாகச் சேமிப்பதும் இல்லை. சேமித்திருந்தால், ஆலையிலிருந்து திரும்பிய பிறகு வேறு கால மாறிலி வைத்து மறுபடி கணக்கிடலாம். வன்பொருள் லாக்-இன்னில் எளிதில் கிடைக்காத இந்த வசதிதான் மென்பொருளின் தனிச்சிறப்பு என்று நான் கருதுகிறேன். அதனால் இப்போது ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலில் இரண்டு தடங்களையும் 48,000 மாதிரி வேகத்தில் முதலில் பதிவு செய்துவிட்டு, அந்தக் கோப்பையே நிரலுக்குக் கொடுக்கிறேன். உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கின்றன. காயில் கட்டும் பட்டறைகளில் கூர்மையான கையும் காதும் உள்ள இளைஞர்கள் பலர் அந்த ஒரு காரணத்தாலேயே இதைத் தொடத் தயங்குகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

தெரியாத அதிர்வெண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க இது ஏற்றதன்று. எந்த அதிர்வு இருக்கிறது என்றே தெரியாத நிலையில் முதலில் நிறமாலையைத்தான் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது என்று தெரிந்த பிறகே லாக்-இன்னுக்கு வேலை. தட்டியவுடன் எழுந்து தேயும் ஒலிக்கும் இது ஒத்துவராது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களின் சுரங்களை இதனால் அளக்கலாமா என்று நண்பர் ஒருவர் ஆவலோடு கேட்டார். சில வினாடிகளில் தேய்ந்துவிடும் ஒலியை நீண்ட கால மாறிலி விழுங்கிவிடும். கால மாறிலியைக் குறைத்தால் துல்லியம் போய்விடும். அந்த வேலைக்கு நிறமாலையே போதும். அந்தத் தூண்களை யாரும் தட்டிப் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. பணகுடி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகளில் கோபுரத்தின் அசைவை அளக்க விரும்புவோரும் இந்த ஏற்பாட்டை நம்பிப் போக வேண்டாம். உயரமான கோபுரங்களின் அசைவு ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே இருக்கும். 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே சவுண்ட் கார்டின் காது மந்தமாகிவிடும். அதற்கு நிலையான மின்னழுத்தத்தையும் ஏற்கும் வேறு பதிவுக் கருவி வேண்டும். நிரல் இதுவாகவே இருக்கலாம்.

எதிர்பாராத ஒரு பயனும் கிடைத்தது. ஊதுவிசிறியைச் சமநிலைப்படுத்தும் வேலைக்கு ஷாஃப்ட் துடிப்பைக் குறிப்பலையாகக் கொண்ட லாக்-இன் மிகவும் பொருத்தமானது. ஏனெனில் கையால் கோணம் வரைந்து திசையளவுகளைக் கழிக்க வேண்டிய கணக்கை, அது தரும் இரண்டு எண்களே முடித்துவிடுகின்றன. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஓர் ஆலையில் நான் செய்ததைச் சற்று முழுமையாக்கிய எண்களில் சொல்கிறேன். லாக்-இன் தரும் இரண்டு எண்களை எக்ஸ், ஒய் என்று வைத்துக்கொண்டால், முதல் ஓட்டத்தில் எக்ஸ் 3, ஒய் 4; அதாவது மொத்த வீச்சு 5. விசிறியில் குறித்துவைத்த இடத்தில் 10 கிராம் சோதனை எடையைப் பொருத்தி ஓட்டியபோது எக்ஸ் 1, ஒய் 4. ஆகவே அந்த எடையின் விளைவு எக்ஸ் அச்சில் எதிர்த்திசையில் 2. நமக்கு வேண்டிய விளைவோ எக்ஸ் எதிர்த்திசையில் 3, ஒய் எதிர்த்திசையில் 4. அதன் அளவு 5, அதாவது சோதனை எடை தந்ததைப்போல் இரண்டரை மடங்கு, அதிலிருந்து 53 டிகிரி திரும்பிய திசையில். சோதனை எடையைக் கழற்றிவிட்டு, 53 டிகிரி தள்ளி 25 கிராம் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் 53 டிகிரி என்பதில்தான் தடுமாற்றம் வரும். கட்டம் முந்துவதைக் கூட்டலாக எடுப்பதா கழித்தலாக எடுப்பதா என்பது நிரலுக்கு நிரல் மாறுகிறது. தெரிந்த இரண்டு இடங்களில் சோதனை எடையை வைத்துப் பார்த்து அதை ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டால் பின்னர் தொல்லையில்லை. நான் முதலில் தவறான பக்கம் வைத்து அதிர்வைக் கூட்டிவிட்டு, பின்னர் மறுபக்கம் மாற்றினேன். வீச்சு 5 இலிருந்து 0.6 ஆகக் குறைந்தது.

கைப்பேசியின் அதிர்வுமானிச் செயலிகளோடு இதை ஒப்பிட்டுச் சிலர் கேட்கிறார்கள். அவற்றின் மாதிரி வேகம் குறைவு, சீராகவும் இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளியிலிருந்து குறிப்பலை கொடுக்க அவற்றில் வழியில்லை. ஏதோ அதிர்கிறது என்று தெரிந்துகொள்ள அவை போதும்.

மாதம் இரண்டு மூன்று மோட்டார்களுக்கு அதிர்வுப் புகார் வரும் பட்டறைக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பவர், கற்றுக்கொள்ளும் நேரத்தைக் கணக்கில் எடுத்தால், அளவீட்டுச் சேவை செய்பவரை அழைப்பதே மேல். வாங்க முடிவெடுப்பவர் கெப்பாசிட்டர் மாற்றுவதையும் துணிச்சுருள் சோதனையையும் முதல் வாரத்திலேயே, ஓடிக்கொண்டிருக்கும் நல்ல மோட்டார் ஒன்றில் செய்து பழக வேண்டும். சேரன்மகாதேவி மோட்டாரின் மூன்றாவது காலடியில் வைத்த தகடு இப்போதும் அங்கேயே இருக்கிறது. கார் பருவத்து நெல் வருவதற்கு முன் அடித்தளத்தை மட்டப்படுத்தி மறுபடி சிமென்ட் போட உரிமையாளர் நாள் குறித்திருக்கிறார். அந்த வேலைக்கு முந்தைய நாளும் மறுநாளும் 100 ஹெர்ட்ஸ் வீச்சை எடுத்து, பழைய 0.07 ஜியின் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.